நவம்பர் முதல் தேதி நமக்கும் உரியது

(கஞ்சிக்கோட்டிலிருந்து நமது பகுதி நேர நிருபர்)

ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதி வந்தால் கேரளம் முழுவதும் 'கேரளப் பிறவி' விழா கொண்டாடப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சரிகைக் கரை போட்ட வேட்டியும் பாவாடையும் உடுத்தி வருகிறார்கள். அரசு அலுவலகங்களில் மலையாள மொழி உறுதிமொழி எடுத்துக் கொள்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் ஆட்சிமொழி வாரம்.

வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கம் போனால் அதே தேதிக்கு வேறு பேச்சு. குமரி தாய்த் தமிழகத்துடன் இணைந்த நாள் என்று அங்கே கூட்டம் போடுகிறார்கள். எல்லைப் போராட்டத்தில் உயிர் நீத்தவர்களின் படங்களுக்கு மாலை அணிவிக்கிறார்கள். தேவிகுளமும் பீர்மேடும் கை நழுவிய கதையைச் சொல்லி வருந்துகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் நாம். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, அட்டப்பாடி, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு என்று எல்லையோரம் நெடுகப் பரவிக் கிடக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல வீடுகளில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குவதைப் பார்க்கலாம். ஒன்று சிவகாசியில் அச்சான தினசரி நாட்காட்டி. மற்றது மலையாள மாத நாட்காட்டி. நவம்பர் முதல் தேதி இரண்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியில் நமக்கு என்ன நடந்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

அந்தத் தேதிக்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. அது முழுக்க முழுக்க நம்மைப் பற்றியது. அதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

1956 அக்டோபர் 31 புதன்கிழமை இரவு கஞ்சிக்கோட்டில் படுக்கப் போனவர் சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாக்காரர். மறுநாள் வியாழக்கிழமை காலை எழுந்தபோது அவர் கேரளத்துக்காரர். வீடு மாறவில்லை, கிணறு மாறவில்லை, வயல் வரப்பு மாறவில்லை. மனு எழுதும் முகவரி மட்டும் சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது.

இங்கிருந்து பத்துப் பதினைந்து மைலுக்குள் இருக்கும் சித்தூரின் கதை வேறு. அது கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த பூமி. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சித்தூர் அந்தக் கூட்டு ராஜ்யத்துக்குள் போனது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தவை. ஆக, இன்று கேரளத் தமிழர் என்று ஒரே பெயரில் சொல்லப்படும் நாம், 1956-க்கு முன் மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தவர்கள். நவம்பர் முதல் தேதிதான் நம்மை ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தது. அதன் பிறகு 1957 ஜனவரி 1 அன்று மலபார் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டுப் பாலக்காடு மாவட்டம் உண்டாயிற்று. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உண்டாயிற்று.

'நீங்களெல்லாம் பிழைக்க வந்தவர்கள்தானே' என்று விவரம் தெரியாத சிலர் கேட்பதுண்டு. பாலக்காட்டுக் கணவாய் நேற்று திறந்த வாசல் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கையே விட்டு வைத்த வழி அது. கேரள மண்ணில் முதல் ரயில் 1861 மார்ச் 12 அன்று பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டே அந்தப் பாதை இந்தக் கணவாய் வழியாகப் போத்தனூரைத் தொட்டு, சென்னையோடு இணைந்துவிட்டது. மாநிலங்கள் பிறப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இரு பக்கத்து ஜனங்களும் ஒரே வண்டியில் போய் வந்து கொண்டிருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்தத் தேதி எப்படி வந்தது?

தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர ராஜ்யம் பிறந்தது. மற்ற மொழிக்காரர்களும் கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு பசல் அலி தலைமையில் மாநிலப் புனரமைப்புக் கமிஷனை அமைத்தது. குன்ஸ்ருவும் சர்தார் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தரப்பட்டது.

இதற்கிடையே தென் திருவிதாங்கூரில் தமிழர் போராட்டம் கொதித்தெழுந்தது. நேசமணி முதலானோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குத் தலைமை தாங்கியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து தமிழர்கள் மாண்டார்கள். முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ் பேசுவோர் அதிகம் என்பதைக் கமிஷன் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள் என்றும், அந்த மலைப் பகுதி பொருளாதார ரீதியில் திருவிதாங்கூர்–கொச்சிக்குத் தேவை என்றும் காரணம் காட்டி அங்கேயே விட்டுவிட்டது. மலபார் ஜில்லாவும் காசர்கோடு தாலுகாவும் சேர்ந்து கேரளம் உருவாயிற்று.

அன்றைக்குப் பிறந்தது கேரளம் மட்டுமல்ல. விரிந்த மைசூர், ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் எல்லாம் அதே நாளில் புது உருவம் பெற்றன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1954 நவம்பர் 1 அன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். 1966-ல் ஹரியானாவும் 2000-ல் சத்தீஸ்கரும் பிறந்ததும் நவம்பர் முதல் தேதியில்தான்.

தமிழ்நாட்டுக்கே குழப்பம்

இந்தத் தேதியை எப்படி எடுத்துக் கொள்வது என்பதில் தமிழ்நாட்டுக்கே ஒரு குழப்பம் இருந்தது. 2019-ல் அன்றைய அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021-ல் அடுத்து வந்த அரசு, இனி ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது. 1967 ஜூலை 18 அன்றுதான் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 பொங்கல் நாளில் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயருக்காகவும் வேறு கோரிக்கைகளுக்காகவும் 1956 ஜூலை 27 முதல் உண்ணாவிரதம் இருந்த விருதுநகர் சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று, மாநிலங்கள் பிறப்பதற்கு மூன்று வாரம் கூட இல்லாதபோது, உயிர் துறந்தார்.

இரண்டு கட்சியாரும் தத்தம் நியாயத்தைச் சொன்னார்கள். அதில் நமக்கு வழக்கில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நவம்பர் 1 என்றால் அவர்களுக்கு நான்கு தாலுகா கிடைத்த மகிழ்ச்சியும், இரண்டு தாலுகா கிடைக்காத வருத்தமும். ஜூலை 18 என்றால் பெயர் கிடைத்த மகிழ்ச்சி. எதை எடுத்தாலும் அது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு. இந்தப் பக்கம் இருக்கும் தமிழன் அந்தக் கணக்கில் 'கிடைக்காதவை' என்ற பட்டியலில்தான் வருகிறான். நாம் கிடைக்காத பொருள்கள் அல்ல. உயிரோடு, வரி கட்டிக் கொண்டு, ஓட்டுப் போட்டுக் கொண்டு இருக்கும் குடிமக்கள். நமக்கென்று அந்தத் தேதியில் ஏதாவது உண்டா என்றால், உண்டு.

சட்டத்தில் ஏறிய நாள்

மாநிலங்களைப் பிரித்து அமைக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அது ஏழாவது திருத்தம். அதுவும் 1956 நவம்பர் 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தத்தில் எல்லைக் கோடுகள் மட்டும் இல்லை. 350-ஏ, 350-பி என்று இரண்டு புதிய ஷரத்துகள் சேர்க்கப்பட்டன.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும், மாநிலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது 350-ஏ. அதற்காக மாநிலத்துக்கு உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு. மொழிச் சிறுபான்மையோரின் பாதுகாப்புகள் சரியாக நடக்கின்றனவா என்று விசாரித்து ஜனாதிபதிக்கு அறிக்கை தர ஒரு தனி அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது 350-பி. அந்த அறிக்கை பார்லிமெண்டின் இரு சபைகளிலும் வைக்கப்பட வேண்டும். 1957-ல் அந்தப் பதவி ஏற்படுத்தப்பட்டு அலகாபாத்தில் அலுவலகமும் திறக்கப்பட்டது.

இதை ஏன் செய்தார்கள்? எல்லையை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் பேர், அந்தப் பக்கம் கொஞ்சம் பேர் சிக்குவார்கள் என்று அன்றைய தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாகர்கோவில் பக்கம் மலையாளம் பேசுவோர் சிக்கினார்கள். கஞ்சிக்கோட்டிலும் மூணாற்றிலும் நாம் சிக்கினோம். கோடு போட்ட அதே கையால், அதே நாளில், அவர்களுக்குக் காப்பும் கட்டினார்கள்.

அதே 1956-ல் பக்கத்து நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதா ஜூன் 5 அன்று பார்லிமெண்டுக்கு வந்தது. எதிரே காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அதன் பிறகு அந்தத் தீவு பட்ட பாட்டை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்து மாத இடைவெளியில் ஒரு நாடு தன் மொழிச் சிறுபான்மையைத் தள்ளி வைத்துச் சட்டம் செய்தது. இன்னொரு நாடு தன் மொழிச் சிறுபான்மையைச் சட்டத்துக்குள் எடுத்துக் கொண்டது. நாம் இரண்டாவது நாட்டில் பிறந்தவர்கள். அந்த வகையில் நவம்பர் 1 நமக்கு நன்றியோடு நினைக்க வேண்டிய நாளே.

ரயில்வேக்காரன் கண்ட பாடம்

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இது எளிதில் விளங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் இலாகாவிலும் ஒரு நவம்பர் முதல் தேதி இருக்கிறது. பாலக்காடு கோட்டத்திலிருந்து கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளைப் பிரித்துச் சேலம் கோட்டம் தொடங்கப்பட்டது 2007 நவம்பர் 1 அன்றுதான். தமிழ்நாட்டில் வெகு நாள் கோரிக்கை நிறைவேறியது என்று மகிழ்ந்தார்கள். கேரளத்தில் கோட்டத்தை வெட்டிவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. தமிழ்நாட்டிலிருக்கும் பொள்ளாச்சி, பிரிவினைக்குப் பிறகும் பாலக்காடு கோட்டத்திலேயே இருந்தது. அங்கேயும் கோடு நேராக விழவில்லை.

அப்போது வேலையில் இருந்த மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோட்டம் பிரிந்தால் ஊழியர்கள் முதலில் கேட்பது 'எங்கள் சீனியாரிட்டி என்ன ஆகும்' என்பதுதானாம். எல்லை மாறலாம், மேலதிகாரி மாறலாம், ஆனால் சேர்ந்த தேதியிலிருந்து வரும் உரிமை போகக் கூடாது என்பது ஊழியர் நியாயம். அதைத்தான் 350-ஏ ஷரத்தும் சொல்கிறது. நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் தாய்மொழியில் படிக்கும் உரிமை உங்களுடனேயே வரும்.

எழுத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பதற்கும் கஞ்சிக்கோட்டிலேயே சாட்சி இருக்கிறது. இங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலை வரும் என்று 2008–09 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கோட்டம் பிரிந்த மனக்குறைக்கு மருந்து என்று ஊரில் பேசிக் கொண்டார்கள். 2012 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டினார்கள். அறிவித்த தொழிற்சாலை எழும்பவில்லை. கேட்பார் இல்லாத அடிக்கல் வெறும் கல்தான். கேட்பார் இல்லாத ஷரத்தும் அப்படித்தான்.

ஏட்டில் உள்ளது என்ன?

ஏட்டில் உள்ளவற்றைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒரு விதி செய்தது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ சிறுபான்மை மொழி பேசுவோராக இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்பது அது. 1956 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மொழிச் சிறுபான்மையோர் பாதுகாப்புக் குறிப்பு அதை ஏற்றுக் கொண்டது. ஒரு தாலுகாவிலோ நகராட்சியிலோ நூற்றுக்கு 15 முதல் 20 பேர் ஒரு சிறுபான்மை மொழி பேசினால் முக்கியமான அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிடுவது நல்லது என்றும் அதில் இருக்கிறது.

கேரளத்தின் சொந்தச் சட்டமும் உண்டு. 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தத்தம் மொழியில் மாநில அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தரப்பட்டது. அரசியல் சட்டத்தின் 350-ஆம் ஷரத்து, குறை தீர்க்கக் கேட்டு எழுதும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று 1950-லிருந்தே சொல்லி வருகிறது.

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்குச் சுமார் 17 பேர். ஆகவே இது விரல் விட்டு எண்ணக் கூடிய சிலரின் பிரச்சினை அல்ல.

கைக்கு வருவது என்ன?

கேரள அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழ் வழியில் எழுதும் வசதியைக் கேரளம் தந்தது. தமிழ்ப் பிரிவுகள் உள்ள பள்ளிகளை நடத்தியது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 

ஆனால் பள்ளி இருந்து ஆசிரியர் இல்லாவிட்டால் என்ன பயன்? என் வீட்டுப் பிள்ளை படித்த தமிழ்ப் பிரிவில் ஓர் ஆண்டு தமிழ் வழி ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். பல மாதம் அந்த இடம் காலி. தற்காலிகமாக வந்தவர் நல்லவர்தான், ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாது. கணக்கையும் அறிவியலையும் மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் காதில் மலையாளம் கேட்டு, தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து, இரண்டையும் பொருத்திக் கொள்ள முடியாமல் திண்டாடின. அடுத்த ஆண்டு பெற்றோர் சிலர் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால், பிள்ளைகள் இல்லை, ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி வருகிறது. இப்படித்தான் ஒரு தமிழ்ப் பிரிவு சத்தமில்லாமல் மூடப்படுகிறது. யாரும் உத்தரவு போட்டு மூடுவதில்லை. அதனால் யாரிடமும் போய்ச் சண்டை போடவும் முடிவதில்லை.

அறிவிப்புகளின் கதையும் இதுதான். டிக்கெட் எடுக்க வரும் முதியவர்கள் சிலர் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். "தம்பி, இதிலே என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." பார்த்தால் உதவித்தொகை மஸ்டரிங் பற்றிய மலையாள அறிவிப்பு. ஆள் உயிரோடு இருப்பதைப் பதிவு செய்யக் கடைசித் தேதி அதில் இருக்கும். சில சமயம் அந்தத் தேதி முடிந்து போயிருக்கும். ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கு மாதப் பணம் நின்றிருக்காது. தாய்மொழி உரிமை என்பது மேடைப் பேச்சுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல என்பது இதிலிருந்தே புரியும்.

மலையாளம் வேண்டாமா?

இதைச் சொன்னவுடன், 'அப்படியானால் மலையாளம் படிக்க மாட்டீர்களா' என்று கேட்பார்கள். 2017-ல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிக் கேரளம் சட்டம் செய்தபோதும் இந்தக் கேள்வி வந்தது. மலையாளம் படிக்க வேண்டியதுதான். பி.எஸ்.சி. தேர்வுக்கும், ஊராட்சி அலுவலகத்துக்கும், பக்கத்து வீட்டாருடன் பழகவும் அது வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெருவிலேயே மலையாளத்தைக் கற்றுக் கொண்டுவிடுகிறார்கள். நாம் கேட்பது மலையாளத்துக்குப் பதிலாகத் தமிழ் அல்ல. மலையாளத்துடன் தமிழும் நிற்க வேண்டும் என்பதே. ஒரு மொழி வந்தால் மற்றது போய்விட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

'தமிழ்நாட்டுத் தலைவர்கள் நமக்காகப் பேசட்டும்' என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அவர்கள் அன்புக்கு நன்றி. ஆனால் பாலக்காட்டுப் பள்ளிக்கு ஆசிரியரை நியமிப்பது சென்னைக் கோட்டை அல்ல. அங்கிருந்து ஒரு சூடான பேச்சு கிளம்பினால் இங்கே இருப்பவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறோம். எல்லைச் சண்டை வேறு, குடிமகனின் உரிமை வேறு. இரண்டையும் கலந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

தேதியைக் காப்பது யார்?

ஒரு தேதி தானாக நிலைத்து நிற்காது. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காளி மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுடப்பட்டார்கள். அந்த ஊர் ஜனங்கள் ஆண்டுதோறும் அந்த இடத்துக்கு வந்து பூ வைத்தார்கள். 1999-ல் யுனெஸ்கோ அதை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளாக நிலைத்ததும் ஆண்டு தவறாமல் கூடியதால்தான்.

நம் தேதிகளை நாம் அப்படிக் காத்தோமா? 2015 செப்டம்பரில் மூணாற்றில் தமிழ்த் தோட்டத் தொழிலாளப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று கூடி, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்து போனஸ் கேட்டு வென்றார்கள். அந்த நாள்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து நடந்தது. பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு முதலில் அறிவித்த நிவாரணம் 5 லட்சம் ரூபாய், கரிப்பூரில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று அன்றைக்கே கேள்வி எழுந்தது. இரண்டும் பெருந்துக்கம். ஒன்றை மற்றதோடு தராசில் வைக்க நான் விரும்பவில்லை. கேட்பதற்கு ஒரு அமைப்பும், நினைப்பதற்கு ஒரு நாளும் இல்லாதவர்களின் துக்கம் சீக்கிரம் மறக்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்?

வரும் நவம்பர் முதல் தேதி நாமும் கேரளப் பிறவியைக் கொண்டாடுவோம். இந்த மண்ணின் சோறு தின்பவர்கள் நாம், ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அதே நாளில் இன்னொன்றும் செய்வோம். ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும், வாசக சாலையிலும், தோட்டத்து லயத்திலும் 350-ஏ ஷரத்தைத் தமிழில் உரக்கப் படிப்போம். படித்து முடித்ததும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

புக்கிங் ஆபீசில் ஷிப்ட் முடிந்ததும் விற்ற டிக்கெட்டையும் பெட்டியிலுள்ள பணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்று எழுத வேண்டும். அதே மாதிரி ஒரு கணக்குத்தான் நான் சொல்வது. இந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை? தமிழ் வழி ஆசிரியர் இடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? தமிழ்ப் பாடப் புத்தகம் எந்தத் தேதியில் வந்தது? இந்த ஆண்டு ஊராட்சியிலிருந்து வந்த அறிவிப்புகளில் தமிழில் வந்தவை எத்தனை? இவ்வளவுதான். ஒரு பக்கத் தாளில் எழுதிவிடலாம்.

அந்தத் தாளைத் தமிழிலேயே மனுவாக எழுதி, ஊராட்சிக்கு ஒன்று, கல்வி அதிகாரிக்கு ஒன்று, திருவனந்தபுரத்துக்கு ஒன்று, மொழிச் சிறுபான்மையோர் ஆணையருக்கு ஒன்று அனுப்ப வேண்டும். ஒரு நகலைப் பள்ளியில் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த நவம்பர் முதல் தேதி அதை எடுத்து வைத்துக் கொண்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்து ஆண்டு விடாமல் செய்தால் கவனிக்காமல் இருக்க முடியாது. இதற்கு மேடை வேண்டாம், தலைவர் வேண்டாம், செலவும் அதிகமில்லை. தமிழ்ச் சங்கங்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பெற்றோர் கழகங்களும் மனது வைத்தால் போதும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்சிமொழி வாரம் கொண்டாடும் அதே ஏழு நாள்களுக்குள், தமிழ்ப் பிரிவுகளில் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களின் பட்டியலை வெளியிடட்டும். உதவித்தொகை, ரேஷன், வீட்டு வரி சம்பந்தமான அறிவிப்புகளைத் தமிழர் மிகுந்த ஊராட்சிகளில் தமிழிலும் ஒட்டட்டும். தன் மொழியைப் போற்றும் அரசுக்குப் பிறர் மொழியின் அருமை தெரியாமல் இருக்காது. இதனால் மலையாளத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

1956 நவம்பர் 1 அன்று நம் சம்மதத்தை யாரும் வீடு வீடாக வந்து கேட்கவில்லை. ஆனால் நமக்கென்று ஒரு வாக்குறுதியை எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் மறைந்துவிட்டார்கள். எழுத்து அப்படியே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டிக் கேட்க வேண்டியது நம் கடமை. வரும் நவம்பர் முதல் தேதியிலாவது தொடங்குவோமா?